காலியாக விட்ட கட்டம்

ஒரு தாளை நகல் எடுப்பதால் யாருக்கும் பெரிய நன்மையும் வராது, பெரிய தீங்கும் வராது என்று எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் நம்பினார்கள். பாறசாலை ரயில் நிலையச் சாலையில் போட்டோஸ்டாட் கடை வைக்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது, தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா சொன்னார்: "எழுதினவன் ஒருத்தன், வாசிக்கவன் ஒருத்தன். நடுவுல நீ வெறும் கண்ணாடியாக்கும் மக்கா. ஒனக்கு அதுல ஒரு பாவமும் வராது." அம்மாவும் அதையே நம்பினாள். உறவுக்காரர்கள் கேட்டபோதெல்லாம், ஆருக்கும் கெடுதல் இல்லாத ஒரு தொழில் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நற்சான்றோடுதான் நான் தொடங்கினேன்.

அந்தக் கடை வளர்ந்துதான் இன்று நீங்கள் வேலை பார்க்கும் வடிவமைப்பு அலுவலகமாக நிற்கிறது. சென்ற மாதம் நான் வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் கேட்டார்: ஒரு மீம் ஊரெல்லாம் ஓடுகிறது, அதைப்போன்ற இன்னொன்று போட்ட இடத்திலேயே கிடக்கிறது, இதற்கு என்ன காரணம் மேடம் என்று. அன்று ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே நிறைவாக இல்லை. கேள்வி கேட்டவருக்கு மட்டுமல்லாமல் எல்லாருக்கும் உரியதாக இருக்கட்டும் என்று இப்போது எழுதுகிறேன். இணையம் எங்கள் பக்கம் எட்டிப்பார்ப்பதற்கு முன்பு, தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் கடையிலிருந்து கிளம்பிய ஒரு படத்தின் கதை இது.

முதலில் எங்கள் வேலைமுறையில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கேரள, தமிழ்நாட்டு எல்லைப்புறத்தில் கடை வைத்தவர்களுக்கு எல்லாவற்றிலும் இரண்டு மொழி. நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் ஒட்டும் அறிவிப்பு என்றால் மலையாளம், களியக்காவிளைப் பக்கம் என்றால் தமிழ். வாடிக்கையாளர் எந்தப் பக்கத்தை மனத்தில் வைத்து வந்திருக்கிறார் என்பது வாயைத் திறந்த பிறகுதான் தெரியும். ஆகவே டியூஷன், வாடகைவீடு, காணாமற்போன ஆடு என்று எதற்கான அறிவிப்பாக இருந்தாலும் மேலே ஒரு படமும் கீழே கோடு போட்ட ஒரு வெற்றுக் கட்டமுமாகத் தாள்களை முன்கூட்டியே தயாராக்கி வைப்போம். ஆள் வந்து மொழியைச் சொன்னதும் கட்டத்துக்குள் எழுதி நகல் எடுத்துக் கொடுப்போம். எழுத்து என் பொறுப்பு. இயந்திரம் என் கூட்டாளி சுலோசனாவின் பொறுப்பு. மலையாளம் எனக்குக் கையில் வரும், அவளுக்கு வாயில் வரும். கடை ஓடியதில் பெரும்பங்கு அவள் வாய்க்கு உண்டு.

ஞானாபரணம் ஐயா எங்கள் கடைக்கு வந்தது ஒரு விண்ணப்பத்தை நகல் எடுக்க. எங்கள் பக்கத்துப் பழைய மிஷன் கோயில் ஒன்றுக்கு அவர் அப்போதுதான் சபை ஊழியராக மாற்றலாகி வந்திருந்தார். சபை ஊழியர் என்றால் போதகருக்கு அடுத்தபடியாகச் சபையைப் பார்த்துக்கொள்பவர். நோயாளிகளைச் சந்திப்பார், வேதபாடம் நடத்துவார். ஒரு வீட்டில் மரணம் நடந்தால், போதகர் வந்துசேரும் முன்பே போய் நின்று ஜெபித்து அந்த வீட்டை ஒரு நிலைக்குக் கொண்டுவருகிறவரும் அவர்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கோயில் வளாகத்துக் குடியிருப்பில் தனியாக இருந்தார் என்பதற்கு மேல் அவரைப்பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது.

அவருக்கு முன்பு நாங்கள் நகல் எடுத்தது ஒரு பள்ளிக்கூட வரைபடம். அதற்காகப் பெரிதாக்கும்படி வைத்திருந்த இயந்திரத்தை சுலோசனா மாற்ற மறந்துவிட்டாள். விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த பாஸ்போர்ட் அளவுப் படம் உள்ளங்கை அளவில் வெளியே வந்தது. இடப்புருவம் ஏறியிருந்தது, வாய் பாதி திறந்திருந்தது, தலை சற்றே ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. எதையோ கேட்டுக் கேட்டு அலுத்துப்போன, ஆனாலும் கோபம் வராத ஒரு முகம்.

"அக்கா, இதப் பாருங்க. கறண்டு போவும்போ நமக்க எல்லாருக்க மொகமும் இப்பிடித்தான் இருக்கும்," என்றாள் சுலோசனா.

நான் அவளை அதட்டப்போனேன். அதற்குள் ஐயாவே எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "கொள்ளாமே. கல்யாணத்துக்கு எடுத்த படத்துல கூட நான் இவ்வளவு நல்லா இருந்தது இல்ல."

அந்த ஆண்டு மின்தடை எங்களை வாட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரிடமும் விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியிருந்தது. கேட்கலாமா என்று தயங்கித்தான் கேட்டேன்: "ஐயா, இத இந்தச் செவுத்துல ஒட்டி, கீழ கறண்டு இல்லண்ணு எழுதி வச்சா ஒங்களுக்கு வெசனம் உண்டா?"

அவர் அந்தத் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "வச்சுக்க மக்கா. நாலு பேரு சிரிச்சிட்டுப் போட்டு," என்றார்.

அவர் இசைந்தது எங்கள் கடையின் ஒரு சுவருக்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தை ஒட்டினோம். கட்டத்துக்குள் இரண்டு மொழியிலும் கறண்டு இல்லை என்று எழுதினோம். எழுதாத மூலத்தாள் வழக்கம்போல மேசை இழுப்பறைக்குள் போயிற்று. அதன் பிறகு ஐயா அவ்வப்போது கடைக்கு வருவார். வேலை எதுவும் இருக்காது. சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார், "வாறேன் மக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார். தன் முகம் சுவரில் இருப்பதில் அவருக்கு ஒரு சிறுபெருமை என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அந்தப் படத்தை முதலில் கேட்டவர் நெய்யாற்றின்கரையில் ஓர் அலுவலகத்தில் இருந்த எழுத்தர். ரயிலுக்கு நேரமிருந்ததால் கடைக்குள் நின்றவர், சுவரைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணு வேணும். எழுத்து வேண்டாம், கட்டம் மட்டும் போரும். நான் எழுதிக்கிடலாம்," என்றார். பத்துப் பிரதி கொடுத்தேன். மறுவாரம் அவர் மேசைக்கு மேல் அது 'ஆபீசர் லீவு' என்று தொங்குவதாகச் சொன்னார்கள். ஒரு மாதத்துக்குள் ரேஷன் கடையில் 'மண்ணெண்ணெய் வந்தாச்சா?' என்று கேட்டது. பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் 'திருவனந்தபுரம் பஸ் இப்பத்தான் போச்சு' என்றது. பூவாரில் படகுத்துறையில் 'வள்ளம் அக்கரையில் இருக்கு' என்று மலையாளத்தில் எழுதி ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். ஒரு நாள் சுலோசனாவின் கொழுந்தன் துபாயிலிருந்து ஃபேக்ஸ் அனுப்பினான். அதில் அதே முகம், கட்டத்துக்குள் 'லீவு கிட்டல்ல'. அவன் கையில் அது எப்படிப் போய்ச்சேர்ந்தது என்று அவனுக்கே தெரியாது.

அப்போது எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஒவ்வொரு புதிய வாசகத்தையும் சுலோசனா ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். ஏன் இப்படி ஓடுகிறது என்று நான் யோசிக்கத் தொடங்கியதும் அந்த நோட்டைப் புரட்டித்தான். பிறர் எழுதிய நகைச்சுவையை ஒருவர் கேட்டுச் சிரிப்பார், அதோடு விட்டுவிடுவார். தான் எழுதியதையோ நாலு பேருக்குக் காட்டாமல் அவரால் இருக்க முடியாது. கட்டம் காலியாக இருந்ததால் அதைத் தொட்ட ஒவ்வொருவரும் எழுத்தாளர் ஆனார். இரண்டு மொழிக்காரர்களுக்கு வேலை எளிதாகட்டும் என்று நாங்கள் விட்டுவைத்த இடத்துக்குள் ஊரே வந்து உட்கார்ந்துகொண்டது. அது ஒட்டப்பட்ட இடங்களெல்லாம் மனிதர்கள் காத்துநிற்கும் இடங்கள். காத்துநிற்பவர்களுக்குச் சிரிக்க நேரமும் உண்டு, காரணமும் உண்டு.

இன்னொன்றும் நடந்தது. அதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். நகலை நகல் எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் சாம்பல் நிறங்கள் உதிர்ந்துபோகும். கன்னத்தின் நிழல் போயிற்று, நரை போயிற்று, கண்கள் இரண்டு கரும்புள்ளிகளாயின. ஐந்தாறு கை மாறிய பிறகு எஞ்சியது ஒரு புருவமும் ஒரு வாயும்தான். அது எவருடைய முகமாகவும் இருக்கலாம் என்று ஆனதும் இன்னும் வேகமாக ஓடியது. உதியன்குளங்கரைச் சந்திப்பில் ஒரு சாயாக்கடையில் நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கேட்டார், "எலே, இது ஆருக்க படம்?" கடைக்காரர் பாலை ஆற்றியபடியே, "ஆருக்கு அறியும். ஏதோ நாடகக்காரனாக்கும்," என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

அதே உதியன்குளங்கரையில்தான் ஒரு வீட்டில் தாய் இறந்துபோனாள். போதகர் வெளியூரில் இருந்தார். ஞானாபரணம் ஐயா போனார். அந்த அம்மாளின் இளைய மகள் ஜெசிந்தாவுக்கு இருபத்திரண்டு வயது. நெய்யாற்றின்கரையில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. அவள் மேசைக்கு எதிர்ச்சுவரில் அந்தப் படம் பல மாதங்களாக ஒட்டியிருந்தது. அங்கேயே விடுதியில் தங்கி, ஞாயிறுகளில் அங்குள்ள கோயிலுக்கே போய்வந்ததால் ஐயாவை அவள் அதற்குமுன் நேரில் பார்த்ததில்லை. அவர் தாயின் தலைமாட்டில் நின்று, ஜெபிக்கத் தலை நிமிர்த்தி, வாயைத் திறந்தார். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப்பார்க்க அது பெருகியது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு அதுவே அழுகையாக மாறியது. ஆனால் வீடு நிறைய இருந்தவர்கள் பார்த்ததும் நினைவில் வைத்ததும் சிரிப்பை மட்டும்தான். தாய் கிடக்கும்போது சிரித்தவள் என்று அவளுடைய அண்ணன்மார் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள்.

மறுநாள் முற்பகலில் ஐயா கடைக்கு வந்தார். சுவரைப் பார்க்கவில்லை. நடந்ததைச் சொன்னார்.

"என்னெப் பாத்துச் சிரிக்கட்டு, அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பிள்ளைக்கித் தாயிக்க பக்கத்துல இருந்து அழ ஒரே ஒரு நாளு உண்டு. அத எனக்க மொகம் கெடுத்துப்போட்டு மக்கா."

சுலோசனா இயந்திரத்தை நிறுத்தினாள்.

"போதகருட்ட சொல்லியாச்சு. மத்த வேல எல்லாம் செய்யிலாம். மரண வீட்டுக்கு இனி நான் போவல்ல," என்றார்.

இதன் பொருள் என்ன என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். மரண வீட்டுக்குப் போகாத சபை ஊழியரை எந்தச் சபையும் வைத்துக்கொள்ளாது. சபைக் கமிட்டி ஒன்றிரண்டு மாதம் பொறுக்கும், அதற்குப் பிறகு வேறு ஆளைக் கேட்கும். வேலை போனால் குடியிருப்பும் போகும். அதைவிடப் பெரிது, முப்பது ஆண்டுகளாக அவர் தெரிந்துவைத்திருந்த ஒரே வேலை, உடைந்துபோன வீடுகளுக்குள் முதல் ஆளாகக் காலெடுத்து வைப்பது. அதைத்தான் அவர் தன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

நான் அன்றைக்கே சுவரிலிருந்து படத்தைக் கிழித்தேன். பிறகு ஒரு பிழை செய்தேன். உங்களுக்காக இதை எழுதுவதே பெரும்பாலும் அந்தப் பிழைக்காகத்தான்.

ஏதாவது உடனே செய்தாக வேண்டும் என்று மனம் பதறியது. இந்தப் படத்தை யாரும் நகல் எடுக்க வேண்டாம், இவர் நம் ஊரில் வாழும் ஒரு மரியாதைக்குரிய மனிதர் என்று இரண்டு மொழியிலும் ஓர் அறிவிப்பு எழுதினேன். எந்தப் படம் என்று தெரிய வேண்டுமே என்பதற்காக, இழுப்பறையில் இருந்த மூலத்தாளை எடுத்து, முகத்தைத் தெளிவாக மேலே வைத்தேன். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை நகல் இயந்திரம் இருந்த எல்லாக் கடைகளுக்கும் நானே பஸ்ஸில் போய்க் கொடுத்தேன். திரும்பி வரும்போது மனம் இலேசாக இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் புதிய பிரதிகள் வரத் தொடங்கின. முன்னைவிடப் பளிச்சென்று இருந்தன. என் அறிவிப்பின் எழுத்துகளின்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்து மறைத்துவிட்டு நகல் எடுத்திருந்தார்கள். பழைய பிரதிகள் தேய்ந்து கறுத்து, தாமாகவே சாகப்போகும் நிலையில் இருந்தவை. அவற்றுக்குப் பதிலாக ஒரு புத்தம்புதிய மூலத்தை, கேட்காமலே, கடைகடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

"அக்கா நோட்டீசு அடிச்சு வித்தது போல ஆச்சு," என்றாள் சுலோசனா. கேலி செய்யத்தான் தொடங்கினாள், பாதியில் அவளுக்கே குரல் இறங்கிவிட்டது.

அந்த வாரத்தில்தான் மெக்கானிக் வந்தார். திருவனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவர். எத்தனையோ ஆண்டுகள் வந்துபோனார், அவர் பெயரை நாங்கள் கேட்டதே இல்லை. மெக்கானிக் சேட்டன், அவ்வளவுதான். நகலில் கறுப்புக்கோடு விழுகிறது, ஓரம் மங்குகிறது என்று என்ன குறையைச் சொன்னாலும் பையைத் திறப்பதற்கு முன் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே: "ஒரிஜினல் எவிடெ?" குறை இயந்திரத்திலா தாளிலா என்பது மூலத்தைப் பார்த்தால்தான் தெரியும் என்பார். மூலம் கைக்கு வரும்வரை ஒரு திருகைக்கூடத் தொடமாட்டார்.

அன்று இயந்திரத்தில் பெரிய கோளாறு இல்லை. மேசைமேல் கிடந்த என் அறிவிப்பைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். வழக்கம்போல, "ஒரிஜினல் எவிடெ?" என்றார். மூலத்தாளை நீட்டினேன். தலையசைத்து மறுத்தார். அதுவும் நகல்தானே என்றார். விண்ணப்பத்தோடு வந்த உண்மையான புகைப்படம் ஒன்று மேசையில் மிஞ்சியிருந்தது. ஐயா விட்டுப்போனது. அதைக் கொடுத்தேன். அவர் குழல்விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "இயாள் ஆரெயா நோக்குந்நது?"

இவர் யாரைப் பார்க்கிறார்?

நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை. இடப்பக்கத்தில் சற்றுத்தள்ளி நின்ற யாரையோ பார்த்தன. அந்தப் பார்வையில் அலுப்பு இருந்தது. அலுப்பைக் காட்டிக்கொள்ளும் ஒரு விளையாட்டும் இருந்தது. நூற்றுக்கணக்கில் நகல் எடுத்திருக்கிறோம். எங்கள் இருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. நகல்களில் அந்தக் கண்கள் புள்ளிகளாகிவிட்டதால் வேறு எவருக்கும் தோன்ற வழியே இல்லை.

அன்று மாலையே சுலோசனாவும் நானும் கோயில் குடியிருப்புக்குப் போனோம். ஐயா கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரோஸ்லெட். எனக்க வீட்டுக்காரி," என்றார். "பூவாருல ஒரு ஸ்டூடியோவுல எடுத்தது. அவளும் கூட வந்திருந்தா. போட்டோக்காரன் அனங்காதீங்கண்ணு சொல்லுதான். அவ அந்தப் பக்கத்துல நிண்ணுக்கிட்டு, சட்டைக்க மேல் பித்தானப் போடுங்க, பித்தானப் போடுங்கண்ணு ஒரே தொந்தரவு. போட்டாச்சு பெண்ணேண்ணு சொல்ல வாயத் தொறந்தேன். அவன் எடுத்துப்போட்டான்."

அதற்குப் பிறகு மூன்று வாரத்தில் காய்ச்சலில் ரோஸ்லெட் போய்விட்டார். அந்த வீட்டில் இருக்க முடியாமல்தான் அவர் மாற்றல் கேட்டு எங்கள் பக்கம் வந்திருக்கிறார்.

"அவளப் பாத்துக்கிட்டு நான் இருக்கப்பட்ட படம் வேற ஒண்ணும் இல்ல. அதுதான் ஒனக்க கடையில வச்சுக்கண்ணு சொன்னேன். செவுத்துல பெருசா இருந்தா வந்து பாக்கிலாமே."

சுலோசனா எழுந்து சன்னல் பக்கம் போய்விட்டாள். அவர் எதைப் பார்க்க வந்து நின்றார் என்பதும், அதைப் பெருமை என்று எண்ணிய என் எண்ணமும் எனக்கு ஒருசேர நினைவுக்கு வந்தன.

ரோஸ்லெட் இறந்து ஓராண்டு நிறைய இருபது நாள் இருந்தது. எங்கள் பக்கத்தில் முதலாம் ஆண்டு நினைவுக்கு இறந்தவரின் படம் போட்டு ஒரு நோட்டீஸ் அச்சடித்துச் சபையாருக்குக் கொடுப்பது வழக்கம். ஐயா அதை வேண்டாம் என்று வைத்திருந்தார். "நான்தானே கையில குடுக்கணும். அவளுக்க படத்த வாங்கிட்டு எனக்க மொகத்தப் பாத்துச் சனம் சிரிக்கும். அவளுக்கு அது வேண்டாம்," என்றார்.

அந்தக் கணத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. சொல்வதற்கு அச்சமாக இருந்தது. ஒருமுறை அவசரப்பட்டுக் கெடுத்தவள், மறுபடியும் அதே முகத்தைக் கையில் எடுக்கலாமா? ரோஸ்லெட்டின் படம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். வேதாகமத்துக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். அதே நாளில், அதே ஸ்டூடியோவில், அவருக்குப் பிறகு எடுத்தது. வந்த சிரிப்பை உதட்டுக்குள் இறுக்கிப் பிடித்திருந்த ஒரு முகம்.

நான் கையோடு கொண்டுபோயிருந்த அவருடைய படத்தையும் இதையும் அங்கிருந்த மேசையில் ஒரு வெற்றுத்தாளின்மேல் வைத்தேன். அவருடைய படத்தை மேலே வைக்கவில்லை. வலப்பக்கம் வைத்தேன். எங்கள் தாள்களில் எப்போதும் காலியாகக் கிடக்கும் கட்டத்தை இடப்பக்கம் நகர்த்தி, அதற்குள் ரோஸ்லெட்டின் படத்தை வைத்தேன். அவர் பார்வை நேராக அங்கே போய்ச் சேர்ந்தது.

"அக்கா, பட்டது போராதா?" என்று சுலோசனா கேட்டாள். அவள் கேட்டது சரி. நான் ஐயாவின் பக்கம் திரும்பினேன். "இது ஒங்க படம், ஒங்க வீட்டுக்காரி. வேண்டாமுண்ணு சொன்னா இப்பமே எடுத்துருவேன். வேணும்ணாலும் இண்ணைக்கிச் சொல்லாண்டாம். நாளு உண்டு."

மூன்றாம் நாள் அவரே கடைக்கு வந்தார். தாளைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, இரண்டு படங்களையும் விரலால் நகர்த்தி இன்னும் கொஞ்சம் நெருக்கமாக வைத்தார். "இவ்வளவு தூரத்துல நிண்ணா அவ பேசமாட்டா," என்றார். பிறகு தன் படத்துக்கு அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி போடச் சொன்னார். அந்த முகத்துக்குக் கீழே ஊரார் எழுதிய எத்தனையோ வரிகள் சுலோசனாவின் நோட்டில் இருந்தன. அதற்கு உரியவர் எழுதிய ஒரே வரி இதுதான்: 'பித்தான் போட்டாச்சு, ரோஸ்லெட்.'

நகல் இயந்திரத்தில் அதை எடுக்க நான் சம்மதிக்கவில்லை. நிழலும் நரையும் கண்ணின் பார்வையும் கெடாமல் வர வேண்டும் என்று அச்சகத்தில் கொடுத்து அடித்தோம்.

நினைவுநாள் ஞாயிறாக அமைந்தது. நோட்டீஸ் கட்டைச் சுமந்துகொண்டு நாங்கள் இருவரும் கோயில் வாசலில் நின்றோம். ஆராதனை முடிந்து வந்தவர்களுக்கு ஐயா தன் கையாலேயே கொடுத்தார். வாங்கியவர்களில் சிலர் பார்த்த உடனே முறுவலித்தார்கள், பிறகு அந்த வரியைப் படித்தார்கள், பிறகு தாளை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார்கள். உதியன்குளங்கரை அண்ணன்மார் வாங்கிக்கொண்டு முன்னே நடந்தார்கள். ஜெசிந்தா எல்லாருக்கும் பின்னால் வந்தாள்.

படித்து முடித்துவிட்டு அவளால் தலைநிமிர முடியவில்லை. "என்னைய மன்னிக்கணும்," என்றாள்.

"நீ என்னத்துக்கு மக்கா?" என்றார் ஐயா. "இந்த மொகத்தப் பாத்து மொதல்ல சிரிச்சது இவளாக்கும். பாரு, படத்துலயும் சிரிப்ப அடக்கிக்கிட்டுத்தான் இருக்கா. அண்ணைக்கி ஒனக்கு அழுகை வந்த வழியும் அந்தச் சிரிப்புதான். எனக்கு அறியும்."

பத்தடி முன்னால் போயிருந்த மூத்த அண்ணன் நின்று திரும்பிப் பார்த்தான். தங்கை வந்துசேரும்வரை அங்கேயே நின்றான்.

அடுத்த மரணம் அந்த மாதக் கடைசியில், பாறசாலையிலேயே ஒரு வீட்டில். கமிட்டி கூடுவதற்கு நான்கு நாள் இருந்தது. ஐயா யாரிடமும் எதுவும் சொல்லாமல் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றார். கமிட்டிக்கு அதைப்பற்றிப் பேச எதுவும் மிச்சமில்லை. ஓய்வு பெறும்வரை அவர் அங்கேதான் இருந்தார்.

பழைய படம் நின்றுவிட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. நெய்யாற்றின்கரையிலும் வளைகுடாவிலும் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடியது. பிறகு வேறொரு படம் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. ஓடத் தொடங்கியதை நம்மால் நிறுத்த முடியாது என்பதை நான் ஏற்றுக்கொண்டேன். அந்த முகத்துக்கு முன்னால் அழ வேண்டியவர்கள் இருந்த சில நூறு வீடுகளில் மட்டும், அது யாருடைய முகம், யாரைப் பார்த்த முகம் என்று தெரிந்திருந்தது. அதுவே போதுமாக இருந்தது. நினைவு நோட்டீஸ் எங்கும் ஓடவில்லை. அதை நகல் எடுத்துத் தாருங்கள் என்று கடைக்கு ஒருவரும் வரவில்லை. அதில் எழுத இடமே இல்லை.

எனவே, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. தன் சொல்லை எழுத மனிதர்களுக்கு ஓர் இடத்தை விட்டுவையுங்கள், முகத்திலிருந்து அதன் உரியவரை உதிர்த்துவிடுங்கள், காத்துநிற்பவர்களின் கண்ணில் படும்படி வையுங்கள். ஓடும். இதை நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். அதனால்தான் அதற்கு முன் ஒரு நிமிடம் மெக்கானிக் சேட்டனின் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன். மூலம் எங்கே இருக்கிறது? அதில் இருப்பவர் யாரைப் பார்க்கிறார்? ஒரு சுவருக்கு இசைந்தவர் எத்தனை சுவருக்கு இசைந்தார்? வேலை நெருக்கும்போது இந்தக் கேள்விகள் தாமதமாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றின. அப்பா சொன்ன அந்தக் கண்ணாடியாக நான் ஒரு நாளும் இருந்ததில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு அத்தனை தாள்கள் தேவைப்பட்டன.

ஞானாபரணம் ஐயா ஓய்வுக்குப் பிறகு பூவாருக்கே திரும்பிப்போய் அங்கேயே இறந்தார். மெக்கானிக் சேட்டன் ஒரு கட்டத்தில் வராமலானார். பெயர் தெரியாததால் விசாரிக்கவும் வழியில்லாமல் போயிற்று. சுலோசனா காலமாகி நான்கு ஆண்டு ஆகிறது. அவளுடைய நோட்டு அலுவலக அலமாரியில், மேல்தட்டில் இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள்.

என்னிடமே இருக்கட்டும் என்று ஐயா தந்துவிட்டுப்போன அந்தப் புகைப்படம் இன்னும் இருக்கிறது. நோட்டீஸின் ஒரு பிரதி ஜெசிந்தாவின் பாட்டுப்புத்தகத்துக்குள் இருக்கிறது. அந்த முகம் யாரைப் பார்த்தது என்று அவர் வாயாலேயே கேட்டவர்களில் இப்போது இருப்பது நாங்கள் இரண்டு பேர்.